மலை ரயில் பாதையோரத்து மக்களுக்கு ஒரு புகைப்படப் போட்டி: நடத்த விரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர் ஓடும் நீலகிரி மலை ரயிலை வைத்து ஒரு புகைப்படப் போட்டி அறிவித்தால், வரப்போகும் படங்களில் பெரும்பகுதி எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வளைவில் திரும்பும் நீலப் பெட்டிகள், பாலத்தின் மேல் எழும் புகை, சன்னலுக்கு வெளியே நீளும் சுற்றுலாப் பயணிகளின் கைகள் ஆகியவைதான் அவை. சில ஆண்டுகளுக்கு முன்பு குன்னூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய அளவில் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தியபோது எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. பாதையோரத்து மக்களைப் படமெடுக்கச் சொல்லி அறிவித்திருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ரயிலின் படங்களாகவே இருந்தன. போட்டியாளர்களைக் குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் எங்கள் சுவரொட்டியிலேயே பாலத்தின் மேல் புகைவிட்டுச் செல்லும் எஞ்சினைத்தான் பெரிதாக அச்சிட்டிருந்தோம்.

படத்தை எடுப்பவர் போட்டியாளர்தான் என்றாலும், எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு முதலில் சொல்வது அறிவிப்பும் விதிகளும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கேமராவைப் பற்றிய பேச்சு குறைவாகவும், விதிகளையும் ஒப்புதலையும் பற்றிய பேச்சு அதிகமாகவும் இருக்கும். வாசகர் வட்டம், பள்ளி, ஊர்ச் சங்கம், கல்லூரித் துறை என யார் நடத்தினாலும் கீழ்க்காணும் வரிசையில் வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: பாதையை ஊர் ஊராகப் படியுங்கள்

போட்டியை அறிவிக்கும் முன், நடத்துவோர் அனைவரும் ஒருமுறையாவது பாதை முழுவதையும் ரயிலிலும், பிறகு நிலையம் நிலையமாகப் பேருந்திலும் நடையிலும் பார்த்துவிட வேண்டும். மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், பெர்ன்ஹில், உதகை என்று இந்தப் பாதையில் பதின்மூன்று நிலையப் பெயர்கள் வருகின்றன. இவற்றில் சிலவற்றில் இப்போது ரயில் பயணிகளுக்காக நிற்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வேறுவேறு மக்கள் இருக்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பாக்குத் தோப்பும் வாழையும் சூழ்ந்த ஊர் அது. மலையில் விளையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏலம் போகும் மண்டிகள் அங்கேதான் இருக்கின்றன. கேத்திப் பள்ளத்தாக்கில் தோண்டிக் கழுவிய கேரட் மூட்டையை இரவோடிரவாக லாரியில் ஏற்றுபவரும், விடியற்காலையில் அதே மூட்டையை மண்டியில் இறக்கும் சுமைத் தொழிலாளியும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இவர்கள் இருவரையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டும் ஐந்து படங்கள் போதும், பாதையின் மேல்முனையும் கீழ்முனையும் சேர்ந்துவிடும். அந்த மூட்டை ரயிலில் போவதில்லை என்பதற்காக அந்தப் படங்களை ஒதுக்கிவிடக் கூடாது.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையிலான பகுதியில்தான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஓடுகிறது. 12 அடி போனால் ஓர் அடி ஏறும் அளவுக்குச் சரிவு இருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வி ஏறுகிறது. இங்கே ஊர்கள் குறைவு. காடும் தோட்டமும் பழங்குடியினர் குடியிருப்புகளும்தான் அதிகம். ஆனால் இந்தப் பகுதியின் மக்கள் என்று தேடும்போது, பாதையிலேயே வேலை செய்பவர்களை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் நின்று கொடி காட்டிப் பிரேக் பிடிக்கும் பிரேக்ஸ்மேன்களும், மழைக்காலத்தில் சரிந்த மண்ணையும் பாறையையும் அகற்றும் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர்களும், குன்னூர் லோகோ செட்டில் கரி படிந்த கையோடு தேநீர் குடிப்பவர்களும் பாதையோரத்து மக்களே.

குன்னூருக்கு மேலே காட்சி மாறுகிறது. வெலிங்டனில் படைத்தளத்தைச் சுற்றி வளர்ந்த கடைத்தெரு இருக்கிறது. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையை நம்பித் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. கேத்தியைச் சுற்றிப் படுகர்களின் ஊர்களான ஹட்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. கேத்தி அருகே கொல்லிமலை என்ற கோத்தர் ஊரும் உண்டு. (நாமக்கல் கொல்லிமலையை நினைத்துக்கொண்டு ஒரு போட்டியாளர் எங்களிடம் பேருந்து வழி கேட்டது வேறு கதை.) உதகையை ஒட்டித் தோடர்களின் ஊர்களான மந்துகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக வகைப்படுத்தப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிச் சமூகங்களும் நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றன. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் குடியேறிய தாயகம் திரும்பிய தமிழர்களின் லைன் வீடுகளும் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள்) இந்தப் பகுதியிலேதான் இருக்கின்றன. இந்தச் சமூகங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடியும்போது எந்தப் பெயருக்கு எதிரே ஒரு படம்கூட வரவில்லை என்று பார்ப்பதற்கு அந்தத் தாள் உதவும்.

அடுத்து, பாதையோரம் என்பது எவ்வளவு தொலைவு வரை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ரயில் ஊதும் சத்தம் கேட்கும் தொலைவு என்று முதலில் எழுதினோம். கேட்க நன்றாக இருந்தது. மூடுபனி நாளில் ஒரு தொலைவும் காற்று மாறிய நாளில் வேறொரு தொலைவும் வரை கேட்டதால், அதைச் சொல்லியே தகராறு வந்தது. ஏதேனும் ஒரு நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து சேரக்கூடிய இடம் என்ற எல்லை நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பழங்குடியினர் ஊர்கள் சில இதற்கு அப்பால் இருந்தால், அவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் போட்டி வைப்பது எளிது; கூட்டமும் வரும். ஆனால் அது சீசன் காலம். அப்போது உள்ளூர் மக்கள் எல்லோரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். படங்களிலும் பயணிகளே நிறைந்திருப்பார்கள். என் பரிந்துரை, செப்டம்பர் தொடக்கத்தில் அறிவித்து ஜனவரி இறுதியில் முடிப்பது. இந்த ஐந்து மாதங்களில் மூடுபனியும் வடகிழக்குப் பருவமழையும் டிசம்பர், ஜனவரியின் உறைபனியும் வந்துபோகும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் இந்தக் காலத்திலேதான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் அடிக்கடி நிறுத்தப்படுவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். இந்தப் போட்டிக்கு அது குறையே இல்லை. ரயில் ஓடாத வாரத்தில் நடைமேடைத் தேநீர்க்கடைக்காரர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டும் படத்தை வேறு எந்த மாதத்திலும் எடுக்க முடியாது.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று திறக்கப்பட்டது. அது உதகை வரை நீண்டது 1908-இல். ஜனவரியில் படங்கள் வந்துவிட்டால் நடுவர் பணிக்கும் அச்சுக்கும் நான்கு மாதங்கள் கிடைக்கும். ஜூன் 15 அன்று கண்காட்சியைத் திறந்துவிடலாம். அந்த நாளில் நிலையங்களுக்கு ஆர்வலர்கள் எப்படியும் வருவார்கள்.

மூன்றாம் படி: அனுமதிகளை எழுத்தில் பெறுங்கள்

இந்தப் பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தின் கீழ் வருகிறது. போட்டியின் நோக்கம், காலம், நிலையங்களில் படமெடுக்கப் போகிறவர்கள் எப்படி அடையாளம் காணப்படுவார்கள், கண்காட்சிக்கு நடைமேடை வேண்டுமா என்பவற்றைக் குறிப்பிட்டுக் கோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வருவதற்கு நாளாகும் என்பதால் ஜூன் மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும். நிலைய மேலாளர் நன்கு தெரிந்தவர் என்பதற்காக வாய்மொழியோடு விட்டுவிடாதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் உங்கள் அனுமதியும் அவரோடு போய்விடும்.

தண்டவாளத்தில் நடப்பது பற்றி விதியில் ஓர் ஐயமும் இல்லாமல் எழுத வேண்டும். அனுமதியின்றி ரயில் பாதையில் நுழைவது ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். கல்லாற்றுக்கும் ஹில்குரோவுக்கும் இடையில் யானைகள் பாதையைக் கடக்கின்றன. குகைகளுக்குள், அதாவது ரயில் செல்லும் சுரங்கப்பாதைகளுக்குள், ஒதுங்கி நிற்க இடமில்லை. பாதையில் மொத்தம் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. அவற்றில் ஒன்றின் மேலோ உள்ளேயோ நின்று எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் சுற்றிலேயே நீக்கப்படும் என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். தண்டவாளத்தின் நடுவே நின்று எடுத்தது படத்தின் கோணத்திலேயே தெரிந்துவிடும். அத்தகைய ஒரு படத்துக்குப் பரிசு கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு இருபது பேர் தண்டவாளத்தில் நிற்பார்கள்.

வெலிங்டன் படைத்தளப் பகுதியும் அரவங்காடு தொழிற்சாலை வளாகமும் படமெடுக்கத் தடை உள்ள இடங்கள். அங்கே கடைத்தெரு, நிலையம், தொழிலாளர் குடும்பங்களின் வீடுகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயில், மதில், காவல் நிலை எதுவும் பின்னணியில்கூட வரக் கூடாது. டிரோன் படங்களை முற்றிலும் விலக்கிவிடுவதே என் கருத்து. சட்டச் சிக்கலைத் தள்ளிவைத்தாலும், வானத்திலிருந்து பார்த்தால் ஊர் தெரியும், முகம் தெரியாது. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது என்பதையும், வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: விதிகளை எழுதுங்கள்

விதிகளில் முதன்மையானதை நாங்கள் இரண்டாம் முறை இப்படி எழுதினோம்: “படத்தில் ரயில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாதையோரத்தில் வாழும் அல்லது உழைக்கும் மனிதரோ, அவர் உழைப்பின் தடமோ கட்டாயம் இருக்க வேண்டும்.” இந்த இரண்டு வரிகள் சுவரொட்டியின் தலைப்புக்கு அடியிலேயே வந்தன. எஞ்சின் படத்தை எடுத்துவிட்டு, ரன்னிமேடு அருகே குடிநீர்க் குடத்தோடு நிற்கும் ஒருவரின் படத்தை, அவருடைய ஒப்புதலோடு அச்சிட்டோம். வந்து சேர்ந்த படங்களின் முகம் மாறிவிட்டது.

பிரிவுகளை வயதின்படியோ கேமராவின்படியோ பிரிப்பது வழக்கம். செல்பேசிக்குத் தனிப் பிரிவு வைப்பது, செல்பேசி வைத்திருப்பவரை இரண்டாம் தரமாக நடத்துவது போலாகும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. பாதையையே மூன்றாகப் பிரிப்பது பொருத்தமானது. மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரை அடிவாரம், கல்லாற்றுக்கு மேல் காட்டேரி வரை மலைச்சரிவு, குன்னூர் முதல் உதகை வரை மேல்மலை என்று பிரித்தால், உதகையின் படங்கள் மட்டும் குவிந்து அடிவாரம் வெறுமையாகிவிடும் ஆபத்து குறையும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் தனியாக ஒரு பிரிவு வைக்கலாம். இவற்றோடு, ஒரே குடும்பத்தையோ தொழிலையோ ஐந்து படங்களில் சொல்லும் தொகுப்புப் பிரிவு ஒன்று அவசியம். ஒற்றைப் படத்துக்குள் அடங்காத வாழ்க்கை தொகுப்பில் அடங்கும். எங்களுக்குக் கிடைத்த சிறந்த படங்கள் அங்கிருந்துதான் வந்தன.

ஒருவர் மூன்று ஒற்றைப் படங்களும் ஒரு தொகுப்பும் அனுப்பலாம். வெட்டுதல், ஒளியைக் கூட்டிக் குறைத்தல், கறுப்பு வெள்ளையாக்கல் ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். மின்கம்பியை அழிப்பது, மேகத்தைச் சேர்ப்பது, செயற்கை நுண்ணறிவால் உருவாக்குவது ஆகியவற்றுக்கு இடமில்லை. காட்சியை ஏற்பாடு செய்து எடுப்பது பற்றியும் ஒரு விதி வேண்டும். நீலகிரியில் தேயிலையைக் கத்தரி கொண்டு வெட்டிச் சாக்கில் சேர்ப்பது பரவலாகிவிட்டது. ஆனால் படமெடுப்பவர்கள் பழைய மூங்கில் கூடையை எங்கிருந்தோ கொண்டுவந்து பெண்களின் முதுகில் மாட்டிச் சிரிக்கச் சொல்கிறார்கள். ஒருவரை நிற்கவைத்து எடுக்கும் உருவப்படம் வேறு. அவர் செய்யாத வேலையைச் செய்வது போலக் காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை விதியிலேயே எடுத்துக்காட்டோடு எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பது சொற்களுக்குள் ஒரு குறிப்பு கட்டாயம். படத்தில் இருப்பவர் யார், என்ன செய்கிறார், எந்த இடம், அருகிலுள்ள நிலையம் எது, எந்த மாதம் என்பவை அதில் இருக்க வேண்டும். பெயரை வெளியிட விரும்பாதவருக்குத் தொழிலைக் குறிப்பிட்டால் போதும். ஹட்டி, மந்து, கோக்கால் என்று அந்தந்த மக்கள் தம் ஊரை எந்தச் சொல்லால் அழைக்கிறார்களோ அந்தச் சொல்லையே எழுதச் சொல்லுங்கள். ‘மலைவாழ் மக்கள்’ என்று பொதுவாக எழுதிய குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள். எழுதியவர் பெயர்கூடக் கேட்கவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

ஐந்தாம் படி: ஒப்புதல்

இந்தப் படியில் அவசரப்படுவதைவிடப் போட்டியையே ஓராண்டு தள்ளிவைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா, தம்முடைய முகத்தை ஒரு நாட்காட்டியில் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான். யாரோ ஒரு போட்டிக்காக எடுத்த படம் அது. “அழகாத்தான் இருக்கு, ஆனா என்னைக் கேக்கலையே” என்று மட்டும் சொன்னார். கேட்கவில்லை என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாகத்தான் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும்.

படிவம் அரைப் பக்கத்துக்குள், தமிழில், சட்ட மொழி இல்லாமல் இருக்கட்டும். படம் எந்தப் போட்டிக்காக எடுக்கப்படுகிறது, எங்கெல்லாம் வைக்கப்படும், இணையத்தில் வருமா, பணம் எதுவும் கொடுக்கப்படுமா, பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஐந்து கேள்விகளுக்கு அதில் விடை இருந்தால் போதும். எடுப்பவர் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் வாங்குவது ஒப்புதல் ஆகாது. அவர் அறிந்த மொழியில் ஓர் இளைஞர் சொல்லி, அவர் சரி என்று சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்துகொள்வது மேல். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பள்ளிச் சீருடையில் இருக்கும் குழந்தையின் படத்தில் பள்ளியின் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழங்குடியினர் ஊர்களில் தனிநபர் ஒப்புதலுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களின் இசைவு வேண்டும். தோடர் மந்துகளில் எருமைப்பால் சார்ந்த கோயில்கள் புனிதமானவை. எந்தக் கோட்டுக்கு அப்பால் போகக் கூடாது, யார் போகக் கூடாது என்பதை அவர்களே சொல்வார்கள். தோடர்களின் பூத்தையல் துணி 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அதைப் படமெடுக்க வருவோர் கூடிவிட்டனர். தையல் செய்யும் பெண்மணியைப் படமெடுக்கும் முன், படம் வேண்டுமா என்று அவரைக் கேட்பதோடு, அந்த வேலையைப் பற்றி அவர் என்ன எழுதப்பட வேண்டும் என நினைக்கிறார் என்றும் கேளுங்கள். துக்க நிகழ்ச்சிகளை அந்தக் குடும்பத்தார் தாமாக அழைத்தாலன்றி ஏற்பதில்லை என்று விதியில் எழுதிவிடலாம்.

ரயில் ஊழியர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பணியில் இருக்கும்போது படத்துக்கு நின்றதற்காக அவர்களுக்கு விளக்கம் கேட்கும் கடிதம் வரக் கூடாது. அவர்களைக் கோட்டத்தின் அனுமதி வந்த பிறகு, அல்லது பணி முடிந்து வீட்டில் இருக்கும்போது எடுப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆறாம் படி: படத்தின் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ பிறருக்காக எடுத்தது தவிர, படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவரே. ‘அனுப்பப்படும் எல்லாப் படங்களும் அமைப்பாளர்களுக்குச் சொந்தம்’ என்று பல போட்டிகளில் காணும் வரியை நகலெடுக்காதீர்கள். கண்காட்சிக்கும், போட்டியைப் பற்றிய அறிவிப்புக்கும், ஓர் ஆவணத் தொகுப்புக்கும் மட்டும், எடுத்தவர் பெயரோடு பயன்படுத்தும் அனுமதியைக் கேளுங்கள். நாட்காட்டி, தேயிலைப் பொட்டலம், விடுதி விளம்பரம் எதுவாக இருந்தாலும், எடுத்தவரையும் படத்தில் இருப்பவரையும் மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: பாதையோரத்து மக்களே படமெடுக்கட்டும்

சமூக ஊடகத்தில் மட்டும் அறிவித்தால் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நல்ல கேமராக்கள் வரும். லைன் வீட்டில் செல்பேசி வைத்திருக்கும் கல்லூரி மாணவிக்கு அறிவிப்பு போய்ச் சேராது. ரேஷன் கடை, தேயிலை கொள்முதல் நிலையம், நூலகம், பேருந்து நிறுத்தம், நிலையத்துத் தேநீர்க்கடை ஆகிய இடங்களில் சுவரொட்டி ஒட்டுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம்.

ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஞாயிறு முற்பகல் பயிற்சி வையுங்கள். இரண்டு மணி நேரம் போதும். கேமராவின் பொத்தான்களை விளக்குவதில் நேரத்தைச் செலவிடாமல், இந்த மலைக்கு வேண்டிய சிலவற்றைச் சொல்லுங்கள். மூடுபனியில் நடந்து வீட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர் படியும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, சற்றுப் பொறுத்து எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் முகத்தில் கரிய நிழல் விழும், மேகம் மூடிய நாளின் ஒளியோ முகத்துக்கு மிகவும் நல்லது. வெண்மையான மூடுபனி நிறைந்த காட்சியில் செல்பேசி மனிதரை இருட்டாக்கிவிடும் என்பதால், திரையில் முகத்தின் மேல் தொட்டு ஒளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவரை நின்றுகொண்டு எடுக்காமல், நீங்களும் உட்கார வேண்டும். பயிற்சியின் மீதி நேரத்தை, ஒருவரிடம் போய்ப் பேச்சைத் தொடங்கி ஒப்புதல் கேட்டுப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஆனாலும் நான் நடத்திய பயிற்சிகளில் பயன்பட்ட பகுதி என்று எல்லோரும் சொன்னது அதைத்தான்.

எட்டாம் படி: படங்களைப் பெறுதல்

நீளமான பக்கம் 3,000 பிக்சலுக்குக் குறையாத ஜேபெக் கோப்பு என்று கேளுங்கள். 12க்கு 18 அங்குல அச்சுக்கு அது போதும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லலாம், அல்லது மின்னஞ்சலைப் பயன்படுத்தலாம். இணையத் தொடர்பு சரியில்லாத ஊர்களுக்கு, வாரம் ஒருநாள் ஒரு நூலகத்தில் மெமரி கார்டோடு வந்து கொடுக்கும் வசதி செய்யுங்கள். கடைசி நாளில் எப்படியும் மின்சாரமோ இணையமோ போகும் என்பதால், கெடுவை ஜனவரி 31 என்று அறிவித்துவிட்டு, பிப்ரவரி 3 வரை வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அதை வெளியே சொல்வதில்லை.

ஒன்பதாம் படி: நடுவர்கள்

ஐந்து நடுவர்கள் போதும். ஒருவர் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர், ஒருவர் ஓய்வுபெற்ற ரயில் ஊழியர், ஒருவர் தோட்டப் பகுதியைச் சேர்ந்த பெண், ஒருவர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், ஒருவர் ஆசிரியர் அல்லது எழுதுபவர் என்று அமைத்தால் ஒரே கண்ணோட்டம் மேலோங்காது. புகைப்படக் கலைஞர் பெரியவர் என்பதால் மற்றவர்கள் அவர் சொல்வதற்குத் தலையாட்டும் நிலை வரக் கூடும். அதைத் தவிர்க்க, முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசாமல், வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் குறிக்கட்டும். படங்களை எடுத்தவர் பெயரின்றி எண்ணிட்டு, சிறிய அச்சாக ஒரு நீள மேசையில் பரப்புங்கள். திரையில் பார்க்கும்போது வண்ணம் அடர்ந்த படம் வெல்லும். மேசையில் பார்க்கும்போது அமைதியான படத்துக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டாம் சுற்றில் குறிப்புகளையும் சேர்த்துப் படித்துப் பேசட்டும். ஓய்வுபெற்ற ரயில் ஊழியரின் மதிப்பு இங்கேதான் தெரியும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் எஞ்சின் எப்போதும் ரயிலின் பள்ளத்தை நோக்கிய கீழ்முனையில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். எங்கள் போட்டிக்கு வந்த ஒரு படத்தில் ஹில்குரோவில் எஞ்சின் முன்னால் வர, அதன் அருகே ஒரு முதியவர் நின்றிருந்தார். ‘காலை ரயிலுக்காகக் காத்திருக்கும் தாத்தா’ என்பது குறிப்பு. எங்கள் நடுவர் ஒரே பார்வையில், “இது பிற்பகல் இறங்குற வண்டி” என்றார். விசாரித்தபோது, எடுத்தவர் அந்தத் தாத்தாவிடம் பேசவே இல்லை என்பது தெரியவந்தது.

மூன்றாம் சுற்றுக்கு வந்த படங்களின் மூலக் கோப்பையும் ஒப்புதல் படிவத்தையும் வாங்கிச் சரிபாருங்கள். ஐந்தில் ஒரு படத்துக்கு, முடிந்தால், படத்தில் இருப்பவரையே நேரில் பார்த்துக் கேளுங்கள்.

பத்தாம் படி: பரிசும் கண்காட்சியும்

முதல் பரிசைப் பெரிதாக வைத்தால் அது ஒருவருக்குப் போகும். பகுதிக்கு மூன்று சமமான பரிசுகள் என்று வைத்தால் பலருக்குப் போகும். கையிலுள்ள பணத்தில் பாதியை அச்சுக்கு ஒதுக்குங்கள். தேர்வான ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அச்சு போடுங்கள்: ஒன்று கண்காட்சிக்கு, ஒன்று எடுத்தவருக்கு, ஒன்று சட்டமிட்டு, படத்தில் இருப்பவருக்கு. மூன்றாவது அச்சைக் கண்காட்சிக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ஊர் பார்ப்பதற்கு முன் அவர் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அந்த இடத்தில் வெற்றுச் சட்டம் தொங்கட்டும்.

கண்காட்சியை உதகையின் குளிரூட்டிய அரங்கில் வைக்காதீர்கள். குன்னூர் நிலையத்து நடைமேடையில் இடம் கிடைத்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. அது கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஒரு வாரம், குன்னூரில் ஒரு வாரம், கேத்திப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு வாரம் என்று நகர்த்துங்கள். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும் என்பதால் காகித அச்சை வெறுமனே தொங்கவிட்டால் இரண்டே நாளில் சுருண்டுவிடும். சன்போர்டில் ஒட்டி, மேலே லேமினேஷன் போடுங்கள். படங்களைப் பரிசு வரிசையில் மாட்டாமல் நிலையங்களின் வரிசையில் மாட்டுங்கள். முதல் படம் மேட்டுப்பாளையம் மண்டி, கடைசிப் படம் உதகை. பார்ப்பவர் நடந்து முடிக்கும்போது மலை ஏறியிருப்பார்.

கண்காட்சி முடிந்த பிறகு, மூலக் கோப்புகளை ‘ஆண்டு–நிலையம்–எண்’ என்ற வடிவில் பெயரிட்டு, குறிப்புகளோடு இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை உள்ளூர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒப்படையுங்கள். ஒப்புதல் படிவங்களைத் தனி உறையில் பூட்டி வையுங்கள். தேர்வாகாத படங்களைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கிவிட்டோம் என்று எடுத்தவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். முதல் படியில் எழுதிய அந்தத் தாளை எடுத்து, எதிரே படம் விழாத சமூகப் பெயர்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அடுத்த அறிவிப்பு எழுதும்வரை அதே ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.